பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சலா? சிறுநீரையும் பாருங்கள்

நெகிரி செம்பிலான் தோட்டத்துத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் ஆயாக்களுக்கும்

பல் முளைக்கிறது, ஊசி போட்ட சூடு, கண் பட்டுவிட்டது, வயிற்றில் வாய்வு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் லயத்து வீடுகளில் சொல்லப்படும் காரணங்கள் இவை. சிறுநீர்த் தொற்று இந்த வரிசையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. பெரியவர்களுக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள். கைக்குழந்தைக்கோ சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கும். சில குழந்தைகள் காய்ச்சல்கூட இல்லாமல் பாலை மறுத்துச் சோர்ந்து கிடக்கும்.

பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமிதான் சிறுநீர்த் தொற்றுக்குக் காரணம். அது மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகம் வரை ஏறினால் அங்கே தழும்பு விழக்கூடும். தழும்பு பெரிதானால் பின்னாளில் ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். காலத்தில் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படும் நோய் இது. ஆகவே இரண்டு காரியங்கள் தவறக்கூடாது: மருந்து தொடங்குவதற்கு முன் சிறுநீரைச் சுத்தமாக எடுத்துப் பரிசோதிப்பது, குணமான பிறகும் சிறுநீரகச் சோதனைக்குப் போவது. தோட்டங்களில் எளிதில் கைவிட்டுப் போவது இரண்டாவதுதான்.

செய்ய வேண்டியவை

1. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பால்வெட்டு முடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லாபு, ரந்தாவ் பக்கத்தவர்களுக்குச் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை இருக்கிறது. லிங்கி, சிலியாவ் பக்கத்தவர்கள் போர்ட்டிக்சனுக்கும், பஹாவ் பக்கத்தவர்கள் ஜெம்போல் அல்லது கோலாபிலாவுக்கும், கிம்மாஸ் பக்கத்தவர்கள் தம்பினுக்கும் போகலாம். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள்.

2. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்திருங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. அக்குளில் வைத்தால் உள்ளுடம்பின் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். எண் 38-க்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் குழந்தை சோர்ந்திருந்தால் கிளம்புங்கள்.

3. காய்ச்சல் இல்லாத அறிகுறிகளையும் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, காரணமில்லாத அழுகை, எடை ஏறாமல் இருப்பது, சிறுநீரில் ரத்தம் எல்லாமே அறிகுறிகள். நிறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு 14 நாள் கழிந்தும் மஞ்சள் காமாலை இறங்கவில்லை என்றால் சிறுநீரையும் சோதிக்க வேண்டும். காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தாதீர்கள்.

4. ஆண் குழந்தை சிறுநீர் கழிப்பதை ஒருமுறையாவது நின்று பாருங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டியது சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ, முக்கி அழுதாலோ, அடிவயிறு உப்பியிருந்தாலோ சிறுநீர்ப் பாதையில் பிறவி அடைப்பு இருக்கலாம். பிறந்த முதல் சில மாதங்களில் இந்தத் தொற்று ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது. அதற்குப் பிறகுதான் பெண் குழந்தைகளுக்குக் கூடுதலாகிறது.

5. ஆண்டிபயாட்டிக் கொடுக்குமுன் “சிறுநீர் எடுத்தாச்சா?” என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சர் சோதனையில் கிருமி சிக்காமல் போகலாம். நிலைமை மோசமாக இருந்தால் மருந்துக்குத்தான் முதலிடம். அதை டாக்டர் தீர்மானிப்பார்.

6. சிறுநீரைப் பிடிக்க உதவுங்கள். குழந்தையின் உறுப்பைத் தண்ணீரால் சுத்தம் செய்து, பால் கொடுத்து, டயப்பர் இல்லாமல் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில் வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். இன்னொருவர் மூடி திறந்த போத்தலோடு தயாராக நிற்க வேண்டும். விழத் தொடங்கியதும் நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும்; போத்தலின் உள்பக்கத்தில் விரலோ தோலோ படக்கூடாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தேய்த்த குழந்தைகளில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து நிமிடத்துக்குள் சிறுநீர் கழித்தார்கள். தேய்க்காமல் காத்திருந்தவர்களில் 12 பேர்தான். மிகச் சிறிய குழந்தைக்கு மெல்லிய குழாய் விட்டு எடுப்பதும் உண்டு. பார்க்க மனம் பதறும், ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும், முடிவும் நம்பகமாக இருக்கும்.

7. கருவுற்றபோது எடுத்த ஸ்கேனில் “குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது” என்று சொல்லியிருந்தால், பிரசவத்துக்குப் பிறகு அதை மீண்டும் நினைவூட்டுங்கள். பிறந்த முதல் இரண்டு நாளில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே ஊறும். அப்போது எடுக்கும் ஸ்கேன் வீக்கத்தை மறைத்துவிடலாம். எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. ஆயாக் கொட்டகையில் விடும்போதும் பாட்டியிடம் விடும்போதும், ஒரு நாளில் எத்தனை டயப்பர் நனைந்தது, எத்தனை முறை பால் குடித்தது என்று கேட்டு வாங்குங்கள். முதல் வாரம் தாண்டிய குழந்தைக்கு நாளொன்றுக்கு ஆறு முறையாவது டயப்பர் நன்றாக நனைய வேண்டும். காலையில் வேலைக்கு இறங்கி மதியம் திரும்பும் தாய்க்கு இந்தக் கணக்குத்தான் கண்.

9. பெண் குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். மலம் கழித்த டயப்பரை உடனே மாற்றுங்கள். முடிந்தவரை தாய்ப்பால் கொடுங்கள். அது இந்தத் தொற்றிலிருந்தும் ஓரளவு காக்கும்.

செய்யக்கூடாதவை

1. காரணத்தை நீங்களே முடிவு செய்யாதீர்கள். இரண்டு, மூன்று, ஐந்து மாதங்களில் போடும் தடுப்பூசிக்குப் பிறகு லேசாகச் சூடு வருவது வழக்கம்தான். இரண்டு நாளைத் தாண்டினாலோ குழந்தை துவண்டாலோ ஊசியின் மேல் பழி போடாதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் லேசான சூட்டுக்கும் அன்றைக்கே கிளினிக்கில் கேளுங்கள்; 38-ஐத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிதான். திருநீறு பூசுங்கள், மந்திரியுங்கள். அதோடு ஆஸ்பத்திரிக்கும் கிளம்புங்கள்.

2. “உடம்புச் சூடு” என்று பார்லித் தண்ணீர், இளநீர், வெந்தயத் தண்ணீர் புகட்டாதீர்கள். ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். இவற்றால் கிருமி சாகாது, குழந்தை குடிக்கும் பாலின் அளவுதான் குறையும்.

3. பெரிய பிள்ளைக்கு வாங்கி மிச்சமான ஆண்டிபயாட்டிக்கைக் கொடுக்காதீர்கள். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. தண்ணீர் கலந்த மருந்து சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வழக்கமாக ஆஸ்பத்திரியில் வைத்து நரம்பு வழியாகத்தான் மருந்து ஏற்றுவார்கள்.

4. காய்ச்சல் மருந்து கொடுத்து வெப்பம் இறங்கியதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது.

5. டயப்பரைப் பிழிந்தோ, கழுவிய ஜாம் போத்தலில் பிடித்தோ சிறுநீர் கொண்டு போகாதீர்கள். தோலில் ஒட்டும் பையில் எடுத்ததில் கிருமி தெரிந்தால், அந்த முடிவை மட்டும் நம்பி மருந்து தொடங்கவும் அவசரப்படாதீர்கள். தோலின் கிருமி எளிதில் கலந்துவிடும் என்பதால் வேறு முறையில் எடுத்து உறுதி செய்ய வேண்டும். எடுத்த சிறுநீரை வெயிலில் வைக்காதீர்கள். உடனே லேப்புக்குப் போக வேண்டும். தாமதமானால் ஐஸ்பெட்டியில் இருக்க வேண்டும்.

6. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது முன்தோலைப் பின்னுக்கு இழுக்காதீர்கள், எண்ணெய் விட்டுத் தள்ளாதீர்கள். இந்த வயதில் அது ஒட்டியிருப்பதுதான் இயல்பு. இழுத்தால் கிழியும், புண் ஆறித் தழும்பாகும். வெளியே தண்ணீரால் கழுவினால் போதும். பவுடரும் டெட்டாலும் வேண்டவே வேண்டாம்.

7. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்தாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரை கொடுங்கள். தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மறுபடியும் கூட்டிப் போங்கள்.

8. சோதனையின் பெயரைக் கேட்டுப் பயந்து ஓடாதீர்கள். அல்ட்ராசவுண்டில் வலி கிடையாது. வயிற்றில் ஜெல் தடவிச் சிறுநீரகத்தின் அளவையும் வீக்கத்தையும் பார்ப்பார்கள். டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் தழும்பைக் காட்டும். தொற்று ஆறிச் சில மாதங்கள் கழித்தே எடுப்பார்கள். எம்.சி.யூ.ஜி. என்பது மூத்திரப்பையில் சாயம் விட்டு எக்ஸ்ரே எடுப்பது. சிறுநீர் மேல்நோக்கித் திரும்புகிறதா என்று அதில் தெரியும். பின்னவை இரண்டும் எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படாது. தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, முதல் ஸ்கேனில் கோளாறு தெரிந்தாலோ கேட்பார்கள். லேசான பின்னோட்டம் பெரும்பாலும் குழந்தை வளர வளரத் தானே சரியாகும்.

9. “பிள்ளை நல்லா விளையாடுது, எதுக்கு ஸ்கேன்?” என்று தேதியை விட்டுவிடாதீர்கள். வீங்கிய சிறுநீரகம் வெளியே தெரியாது. வர முடியாவிட்டால் போன் செய்து வேறு தேதி வாங்குங்கள். முகவரியோ போன் நம்பரோ மாறினால் கிளினிக்கில் சொல்லுங்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாத நேரங்கள்

குழந்தை எழுப்பியும் எழவில்லை, உடல் சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வந்தது, மூச்சு வாங்குகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறது, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை.

தோட்டத்துக்கும் ஒரு வார்த்தை

வீடு, தண்ணீர், குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றில் தோட்ட முதலாளிக்குள்ள கடமைகளை 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் பேசுகிறது. கைக்குழந்தைக்கு ஸ்கேன் தேதி இருக்கிறது என்று தாய் சொன்னால் மண்டோர் அன்றைக்கு அவளை விடுவிக்க வேண்டும். கார் உள்ள பக்கத்து வீட்டுக்காரர் முதல்நாளே “எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று கேட்க வேண்டும். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான். ஏழைத் தாயைத் தடுப்பது அந்த 1 வெள்ளி அல்ல; அன்றைய கூலியும் போக்குவரத்தும்தான். அந்த இரண்டையும் தோட்டம் பார்த்துக்கொண்டால், குழந்தையின் சிறுநீரகத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார்.