சூடு எங்கே, எவ்வளவு வித்தியாசம்?

மல்லாங்கிணறு வட்டாரத்தில் மூட்டுவலி இல்லாத வீடு அபூர்வம். கரிசலில் குனிந்து பருத்தி எடுத்தவர்கள், மிளகாய் பறித்தவர்கள், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டவர்கள், அருப்புக்கோட்டைத் தறிகளில் நாளெல்லாம் நின்றவர்கள் என்று எல்லாருக்கும் முழங்காலில்தான் முதல் புகார். பிசியோதெரபிஸ்டாக அந்த மூட்டுகளைப் பார்ப்பதே என் வேலை. சில ஆண்டுகளாக வெப்பப் படக் கேமராவும் என்னோடு வருகிறது. அதில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இது எக்ஸ்ரே அல்ல. உடம்புக்குள் எதையும் அனுப்பாது. தோலிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி வெப்பநிலையாகக் காட்டும், அவ்வளவுதான். மூட்டில் அழற்சி இருந்தால் ரத்த ஓட்டம் கூடும், மேல்தோல் சுடும். எலும்புத் தேய்மானமோ ஜவ்வுக் கிழிசலோ இதில் தெரியாது. ஆழத்தில் கிடக்கும் இடுப்பு மூட்டைப் பற்றி இது ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. முழங்கால், கணுக்கால், கைவிரல், பாதம் ஆகியவைதான் இதற்கு ஏற்ற இடங்கள்.

நல்ல முழங்காலைப் படமெடுத்தால் நடுவில் சில்லு இருக்கும் இடம் மட்டும் சுற்றியுள்ள சதையைவிடக் குளிர்ந்து, வட்டமாகத் தனித்துத் தெரியும். அழற்சி வந்த மூட்டில் அந்தக் குளிர்வட்டம் மங்கும். சில சமயம் அடியோடு மறையும். கரிமூட்ட வேலை பார்த்த ஒரு பெரியம்மா வந்து, “ரெண்டு காலும் ஒண்ணுபோலதேன் வலிக்குது தம்பி” என்றார். படத்தில் வலதில் வட்டம் அப்படியே இருந்தது, இடதில் இல்லை. இடது மூட்டைத் தொட்டு அழுத்தியபோது உள்ளே நீர் கோத்திருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. வலது காலுக்குத் தொடைத்தசையை வலுவாக்கும் பயிற்சி கொடுத்தேன். இடது காலுக்குப் பயிற்சியைத் தள்ளிவைத்து எலும்பு மூட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். கை வைக்க வேண்டிய இடத்தைக் கேமரா காட்டியது. முடிவைச் சொன்னது கை.

எங்கள் ஊர் வெயில்தான் இந்தக் கருவிக்குப் பெரிய சோதனை. தோலின் வெப்பம் பெரும்பாலும் 32, 33 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரை மதியத்தில் அறையே அதைத் தாண்டிவிடும், வேர்வை வேறு. அப்போது எடுக்கும் படத்தில் நல்ல மூட்டும் கெட்ட மூட்டும் ஒரே நிறத்தில் கிடக்கும். விடிந்ததும் எடுங்கள். மார்கழி, தையில் படம் துல்லியமாக விழும். வந்தவரை நிழலான அறையில், காற்றாடிக் காற்று காலில் நேராகப் படாமல், மூட்டைத் திறந்து வைத்துக் கால்மணி நேரம் உட்கார வையுங்கள். நடந்து வந்த சூடு அடங்க வேண்டும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் தைலம் தேய்த்துக்கொண்டே வருவார்கள். தைலம் தோலின் ரத்த ஓட்டத்தை மாற்றிவிடும். விரல் இழுத்த தடம்கூடப் படத்தில் கோடுகோடாக நிற்கும். அதனால் முதல்நாள் இரவிலிருந்தே எண்ணெய், தைலம், ஒத்தடம் கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். வருமுன் டீயும் பீடியும் வேண்டாம்.

நிறத்தை நம்பாதீர்கள். கருவி தானாக அளவை மாற்றிக்கொள்ளும். அரை டிகிரி வித்தியாசத்தையும் ரத்தச் சிவப்பாகக் காட்டி நோயாளியை நடுங்க வைக்கும். வெப்ப வரம்பை நீங்களே நிலைநிறுத்தி, எண்ணைப் படியுங்கள். கைப்பேசியில் செருகும் மலிவான கேமராக்கள் இரண்டு மூன்று டிகிரி முன்பின் காட்டும். ஆனால் ஒரே படத்துக்குள் இருக்கும் இரண்டு இடங்களின் வித்தியாசத்தை ஓரளவு சரியாகவே சொல்லும். ஆகவே இரண்டு முழங்காலும் ஒரே படத்தில் விழ வேண்டும். ஒருவரின் இடதை அவருடைய வலதோடுதான் ஒப்பிட வேண்டும், அடுத்தவர் காலோடு அல்ல.

இந்தக் கருவியின் உண்மையான பெருமை வலி தெரியாத கால்களில்தான் இருக்கிறது என்பேன். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தவர். அவர்களுடைய விரல்களும் பாதங்களும் சிதைவது நோய் அரிப்பதால் அல்ல, வலி உணராமல் திரும்பத் திரும்ப அடிபடுவதால்தான் என்று எடுத்துக்காட்டினார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிறகு, பாதங்களை வெப்பப் படம் எடுத்துப் பார்த்தார். சூடேறிய இடம் கண்டால், புண் வருமுன்பே அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்தார். அதே வழி இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு உதவுகிறது. ஒரு பாதத்தின் ஓரிடம் மறுபாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால், நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவேல முள் குத்தியதே தெரியாமல் காட்டுக்குப் போய்வருகிறவர்கள் நிறைந்த ஊரில் இது காலையே காப்பாற்றும். இதற்குக் கேமராகூடக் கட்டாயமில்லை. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியில் பொருள்களின் சூட்டை அளக்கும் வசதி இருந்தால் அதுவே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். காய்ச்சலோடு ஒரே மூட்டு திடீரெனச் சுட்டு வீங்கினால், படம் எடுத்துக்கொண்டிருக்காமல் அன்றே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டால் எண்ணெய் போட்டு நீவவே கூடாது. ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீடுவீடாகச் சர்க்கரை மாத்திரை கொடுக்கிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. மாத்திரை கொடுக்கும் அதே கையில் ஒரு வெப்பமானியையும் கொடுத்து, இரண்டு பாதங்களின் சூட்டையும் அளந்து எழுதச் சொன்னால் போதும். இதைச் சுகாதாரத் துறை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.