மடிக்கணினியின் மின்கலத்தைப் பேணும் முறை



தொழிற்கருவியைப் பேணத் தெரிந்தவரே நல்ல தொழிலாளி என்பது நம் தோட்டத்து முதியோர் கண்ட உண்மை. பால்மரம் வெட்டச் சென்ற நம் பாட்டன்மார் கத்தியைத் தீட்டாமல் காட்டுக்குள் கால் வைத்ததில்லை. இக்காலப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியும் அத்தகைய ஒரு கருவியே ஆகும். அதனைப் பேணும் முறையை அறிந்துகொள்வதும் கல்வியின் ஒரு பகுதியே.

2020 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் வீட்டிற்கு வந்தது. ஆனால் பாடம் கேட்கக் கருவி எல்லா வீட்டிலும் இல்லை. தந்தையின் ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாடம் கேட்ட நாள்களைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நிலையில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கணினிக் கருவிகள் வழங்கும் செர்டிக் எனும் திட்டம், 2020 நவம்பரில் தாக்கல் செய்யப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதுவன்றிச் சிறுகச் சிறுகச் சேமித்து மடிக்கணினி வாங்கிய குடும்பங்களும் பல.

அவ்வாறு வந்த கணினிகளுக்கு இன்று வயதாகிவிட்டது. அவற்றுள் முதலில் தளர்வது எது? திரையன்று, விசைப்பலகையன்று. பேட்டரி எனப் பேச்சில் வழங்கும் மின்கலமே முதலில் தளர்கின்றது. மின்கலம் தளர்ந்த கணினி, சுவரில் உள்ள மின்செருகியை விட்டு அகல இயலாது. செருகியைப் பிடுங்கினால் அணைந்துவிடும். ஒரே கூடத்தில் தொலைக்காட்சியும் தையல் இயந்திரமும் மின்விசிறியும் ஒரே செருகித்துளைக்குப் போட்டியிடும் வீட்டில், பிள்ளையின் படிப்பு அன்றோ தடைப்படும்? புதிய மின்கலம் வாங்கவும் நூற்றுக்கணக்கான ரிங்கிட் வேண்டும். எனவே, மின்கலத்தின் ஆயுளை நீட்டிக்கும் வழியை இக்கட்டுரையில் காண்போம்.

மின்கலம் வந்த வரலாறு

இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது இலித்தியம் அயனி மின்கலம். இலித்தியம் என்பது உலோகங்களுள் மிக இலேசானது. 1970 ஆம் ஆண்டுகளில் ஸ்டேன்லி விட்டிங்ஹாம் எனும் அறிஞர் இவ்வுலோகத்தைக் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னூட்டம் பெறக்கூடிய மின்கலம் ஒன்றை அமைத்தார். ஆனால் தூய இலித்தியம் எளிதில் தீப்பற்றும் இயல்புடையது. 1980 இல் ஜான் குடினஃப், கோபால்ட் ஆக்சைடு எனும் பொருளைப் பயன்படுத்தி மின்கலத்தின் ஆற்றலைப் பெருக்கினார். 1985 இல் ஜப்பானியராகிய அக்கிரா யோஷினோ, தூய இலித்தியத்தை நீக்கிவிட்டுக் கரிப்பொருளைக் கொண்டு பாதுகாப்பான மின்கலத்தை உருவாக்கினார். 1991 இல் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்பொழுது குடினஃப் அவர்களுக்கு வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் மிக மூத்தவர் அவரே.

உள்ளே நடப்பது யாது?

மின்கலத்தினுள் இரண்டு தகடுகள் உள்ளன. ஒன்று, நம் பென்சிலில் உள்ள கிராபைட்டு எனும் கரிப்பொருள் பூசப்பட்டது. மற்றொன்று கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு பூசப்பட்டது. இடையே ஒரு நீர்மம் நிறைந்துள்ளது. மின்னூட்டும்பொழுது இலித்தியம் அயனிகள் ஆக்சைடுத் தகட்டை விட்டுக் கரித்தகட்டினுள் சென்று தங்குகின்றன. கணினியை இயக்கும்பொழுது அவை திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தே மின்கலத்தின் உயிர்.

ஒவ்வொரு பயணத்திலும் மிகச் சில அயனிகள் வழியில் சிக்கிக்கொள்கின்றன. கரித்தகட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று படிகின்றது. நாளடைவில் அது தடிக்கின்றது; அதில் அகப்பட்ட இலித்தியம் மீண்டும் பயன்படுவதில்லை. மின்கலம் முதுமை அடைவது இவ்வாறுதான். இம்முதுமையை முற்றிலும் நிறுத்த ஒருவராலும் இயலாது. ஆனால் விரைவுபடுத்துவதும் தாமதப்படுத்துவதும் நம் கையில் உள்ளன.

இரு பகைவர்

மின்கலத்திற்குப் பகைவர் இருவர். ஒருவர் வெப்பம், மற்றவர் நீண்ட நேர முழுநிறைவு. வெப்பம் மிகுந்தால் உள்ளே நடக்கும் வேதிவினை விரைகின்றது. படலமும் விரைவாகத் தடிக்கின்றது. 100 விழுக்காடு நிறைந்த நிலையில் ஓர் அறையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ட்டு வரை உயர்கின்றது. அவ்வுயர்ந்த அழுத்தத்தில் நீர்மமும் தகடும் சிதைகின்றன.

இதனை ஓர் அளவால் விளக்கலாம். இலித்தியம் அயனி மின்கலத்தை 40 விழுக்காடு நிறைத்து, 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஓராண்டு வைத்திருந்தால், அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 96 விழுக்காடு எஞ்சும். 100 விழுக்காடு நிறைத்து வைத்தாலோ ஏறத்தாழ 80 விழுக்காடே எஞ்சும். வெப்பநிலை 40 பாகையானால் முன்னது 85 ஆகவும், பின்னது 65 ஆகவும் குறைந்துவிடும். பயன்படுத்தாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு! வெப்பமும் முழுநிறைவும் கைகோத்தால் விளையும் கேடு இது.

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பகல் வெப்பநிலை 32, 33 பாகையை எட்டுவது இயல்பு. தகரக் கூரை வீட்டினுள் நண்பகல் வெப்பம் இன்னும் மிகுதி. கணினி இயங்குகையில் அதன் உட்புறம் மேலும் சூடேறும். ஆகவே, குளிர்நாட்டாரைக் காட்டிலும் நமக்கே இவ்விழிப்பு மிகுதியாக வேண்டும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். பட்டையை ஆழ வெட்டினால் அன்று பால் மிகுதியாக வடியும், மங்கு நிறையும். ஆனால் மரம் காயப்படும். காயப்பட்ட இடத்தில் பட்டை சீராக வளராது. பின்னாளில் வெட்ட இடம் இராது. அளவோடு வெட்டிய மரமே பல்லாண்டு பால் தரும். மின்கலமும் அத்தகையதே. நாள்தோறும் 100 விழுக்காடு நிறைத்தால் அன்று சற்று நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆயுளில் ஆண்டுகள் குறையும்.

பழைய நம்பிக்கைகள்

"முழுவதும் தீர்ந்த பின்னரே மின்னூட்ட வேண்டும்" என்று பலர் கூறுவர். இஃது அந்நாளைய நிக்கல் காட்மியம் மின்கலத்திற்கு உரிய அறிவுரை. இலித்தியம் அயனி மின்கலத்திற்கு இது பொருந்தாது. அடிக்கடி முற்றிலும் தீரவிடுவது அதற்குக் கேடே.

"புதுக் கணினியை முதல்நாள் எட்டு மணிநேரம் மின்னூட்ட வேண்டும்" என்பதும் தேவையற்றது.

"இரவெல்லாம் செருகி வைத்தால் மின்னூட்டம் அளவு மீறிப் போகும்" என்பதும் முழு உண்மையன்று. நிறைந்தவுடன் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுற்று கணினியினுள் உள்ளது. ஆயினும் விடியும்வரை முழுநிறைவிலேயே சூட்டோடு இருப்பதால் முதுமை விரைகின்றது. அதனால் இப்பழக்கத்தையும் விடுதல் நலம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மின்னூட்டம் 20 விழுக்காட்டிற்குக் குறையும் முன்னர்ச் செருகுக. 80 விழுக்காடு அளவில் நிறுத்துக. வெளியே நெடுநேரம் பயன்படுத்த வேண்டிய நாளில் 100 வரை நிறைக்கலாம். ஆனால் புறப்படுவதற்குச் சற்று முன்னர் நிறைவடையுமாறு செய்க.

2. செருகியபடியே பயன்படுத்தும் பழக்கமுடையோர், 80 விழுக்காட்டளவில் தானே நிறுத்தும் அமைப்பு கணினியில் உண்டா எனப் பார்க்கவும். லெனோவோ, ஆசஸ், டெல் முதலிய நிறுவனங்களின் கணினிகள் பலவற்றில் இவ்வமைப்பு உள்ளது. ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

3. மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றின்மேல் கணினியை வைக்காதீர். காற்றுத் துளைகள் அடைபடும். மேசையின்மேலோ மரப்பலகையின்மேலோ வைத்துப் பயன்படுத்துக.

4. வெயிலில் நிறுத்திய காரினுள்ளும், வெயில் விழும் சன்னலோரத்திலும் வைக்காதீர்.

5. கணினிக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துக. புதிது வாங்க நேர்ந்தால், மின்னழுத்த அளவு பொருந்துகிறதா என்பதையும், சிரிம் சான்று முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்து வாங்குக. மலிவு கருதி முத்திரையற்றதை வாங்குவது ஆபத்து.

6. இடியும் மின்னலும் தோன்றினால் மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுக. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடிமழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. மின்னல் தாக்குதல் கம்பி வழியே வந்து கருவியைக் கெடுத்துவிடும். அவ்வேளையில் பாடம் தடைப்படாமல் காப்பது நாம் பேணி வைத்த மின்கலமே.

7. நெடிய விடுமுறையில் பயன்படுத்தாமல் வைப்பதானால், ஏறத்தாழ 50 விழுக்காடு மின்னூட்டத்தோடு அணைத்து, நிழலான இடத்தில் வைக்க. முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் வைத்தால், மின்கலம் மேலும் வடிந்து பயனற்றுப் போகக்கூடும்.

ஒரு கணக்கும் ஒரு சோதனையும்

மின்கலத்தின் வயதைச் 'சுழற்சி' எனும் அளவால் கணக்கிடுவர். மொத்தம் 100 விழுக்காடு செலவானால் ஒரு சுழற்சி. திங்களன்று 60 விழுக்காடும், செவ்வாயன்று 40 விழுக்காடும் செலவானால், இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுழற்சி ஆகும். பொதுவாக 300 முதல் 500 சுழற்சிகளுக்குப் பின்னர் மின்கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறையும். ஒரு மாணவர் நாளொன்றுக்கு 50 விழுக்காடு வீதம், ஆண்டுக்கு 200 நாள் பயன்படுத்துகிறார் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 100 சுழற்சி. அவ்வாறாயின் மூன்று முதல் ஐந்து ஆண்டுவரை மின்கலம் நன்கு உழைக்கலாம். வெப்பத்தில் வைத்தால் இக்கணக்குப் பொய்த்துவிடும்.

இனி ஒரு சோதனை. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்க. கணினி 80 விழுக்காட்டில் இருக்கும்பொழுது செருகியைக் கழற்றி நேரத்தை எழுதுக. திரையின் ஒளியை மாற்றாமல் வழக்கமான பாடவேலையைச் செய்க. 20 விழுக்காடு ஆனதும் மீண்டும் நேரத்தை எழுதுக. மாதந்தோறும் இவ்வாறு குறித்து வந்தால், மின்கலம் தளரும் வேகத்தை நீங்களே அறிவீர்கள்.

ஆபத்தின் அறிகுறி

மின்கலம் சில வேளை உப்பிவிடும். விசைப்பலகைக்குக் கீழுள்ள தொடுதளம் மேலெழும். மூடி சரியாக மூடாது. அடிப்பகுதி புடைத்து மேசையில் ஆடும். இவற்றுள் எதைக் கண்டாலும் உடனே அணைத்து, செருகியைக் கழற்றிப் பெரியவர்களிடம் கூறுக. உப்பிய மின்கலத்தை அழுத்துவதும் குத்துவதும் கூடாது, தீப்பற்றும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுக. பழைய மின்கலத்தை வீட்டுக் குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க.

முடிவுரை

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் படிக்கும் பிள்ளைக்கும், கிள்ளானை அடுத்த செம்பனைத் தோட்டத்து வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் மின்கலத்தின் இயல்பு ஒன்றே. அது செல்வம் பார்ப்பதில்லை, பேணுதலையே பார்க்கின்றது. அளவறிந்து நிறைத்து, வெப்பம் தவிர்த்துக் காத்தால், அக்காளுக்கு வாங்கிய கணினி தம்பிக்கும் பாடம் சொல்லும். பெற்றோர் சிந்திய வியர்வைக்குப் பிள்ளைகள் செய்யும் நன்றிகளுள் இதுவும் ஒன்று.

பயிற்சி வினாக்கள்

1. மின்கலத்தின் இரு பகைவர் யாவர்?
2. முழுவதும் தீர்ந்த பின்னரே மின்னூட்ட வேண்டும் என்னும் கருத்து எவ்வகை மின்கலத்திற்கு உரியது?
3. ஒரு மாணவி நாளொன்றுக்கு 40 விழுக்காடு மின்னூட்டத்தைச் செலவிடுகிறாள். ஐந்து நாளில் எத்தனை சுழற்சிகள் ஆகும்?
4. இடிமழையின்பொழுது செய்ய வேண்டியது யாது? ஏன்?
5. உங்கள் வீட்டில் மடிக்கணினியோ கைப்பேசியோ வைக்கப்படும் இடம் தக்கதா? காரணம் கூறுக.