ஒரே ஓணானா, பல ஓணான்களா? – மரபணு காட்டும் மறைசிற்றினங்கள்

எங்கள் அனந்தபுரம் பக்கம் ஓணானைக் கண்டால் பிள்ளைகள் கல்லெடுப்பார்கள். காரணம் கேட்டால், “ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் சிறுநீர் கொடுத்தது” என்ற பழங்கதையைச் சொல்வார்கள். அந்தக் கல்லைக் கீழே போட வைக்க அறிவுரை மட்டும் போதவில்லை. “நீ அடிக்கப்போவது எந்த ஓணான்?” என்ற கேள்வி உதவியது. அந்தக் கேள்வியை ஒரு பாடமாக்கும் வழியை இங்குப் பகிர்கிறேன்.

புதுச்சேரி தந்த பெயர்

செஞ்சிக்குக் கிழக்கே, கடற்கரையில் இருக்கிறது புதுச்சேரி. 1829இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அவ்வூரின் பெயரால் ஒரு சிறு ஓணானுக்கு ‘சிட்டானா பாண்டிசெரியானா’ எனப் பெயரிட்டார். இதுவே விசிறித்தொண்டை ஓணான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணான் கல்லின்மீது ஏறி, தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்து மடக்கும். பின்னங்காலில் நான்கு விரல்களே இருப்பது இதன் அடையாளம்.

அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள், இந்தியாவின் பல பகுதிகளில் காணப்பட்ட விசிறித்தொண்டை ஓணான்களுக்குப் பெரும்பாலும் இந்த ஒரே பெயர்தான் வழங்கியது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. விசிறி விரிக்காத பெண் ஓணான்களைப் பிரித்தறிவது இன்னும் கடினம்.

2016இல் தீபக் வீரப்பனும் உடன் ஆய்வாளர்களும் தீபகற்ப இந்தியாவின் பல இடங்களில் இவற்றைத் திரட்டி, டி.என்.ஏ. வரிசைகளையும் உடலமைப்பையும் ஒப்பிட்டனர். ஒரு புதிய பேரினமும் ஐந்து புதிய சிற்றினங்களும் வெளிப்பட்டன. அவற்றில் தமிழ்நாட்டில் வாழும் ஒன்றுக்கு நம் பனையோலை விசிறியை நினைத்து ‘சிட்டானா விசிறி’ என்று பெயர் வைத்தனர். அதே ஆண்டு தென் தமிழ்நாட்டிலிருந்து விவரிக்கப்பட்ட மற்றொன்று ‘சிட்டானா மருதம்நெய்தல்’. ஐந்திணைப் பாடம் நடத்தும் தமிழாசிரியரும் இதை எடுத்துக்காட்டலாம்.

இப்படித் தோற்றத்தில் ஒத்து, மரபுவழியில் பிரிந்து நிற்பவற்றை மறைசிற்றினங்கள் என்கிறோம். ஒரு சிற்றினம் பலவாகப் பிரியும்போது, முதலில் விவரிக்கப்பட்ட இடத்து விலங்குக்கே பழைய பெயர் உரியது. அதனால்தான் ‘உண்மையான பாண்டிசெரியானா எது?’ என்று தெளிய, புதுச்சேரி ஓணானைத் தெரிந்துகொள்வது முக்கியமாயிற்று.

மலைகளிலும் இதே கதை

1870இல் பெட்டோம் சேர்வராயன் மலையிலிருந்து ஒரு சிறு பல்லியை விவரித்தார். கொல்லிமலைப் பல்லியும் பெங்களூருப் பல்லியும் அதே இனம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. 2019இல் மரபணு ஆய்வு அவற்றைத் தனித்தனிச் சிற்றினங்கள் எனக் காட்டியது. குளிர்ந்த மலையுச்சிகளுக்கு இடையே வெப்பமான சமவெளி கடல்போல் கிடக்கிறது. பல்லியால் அதைக் கடக்க இயலாது. பிரிந்த கூட்டங்களில் தலைமுறைதோறும் வெவ்வேறு மரபணு மாற்றங்கள் சேர்கின்றன.

வகுப்பறைச் செயல்பாடு

பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தோடு இதைச் சேர்க்கலாம். அடினைன் (அ), தைமின் (தை), குவானைன் (கு), சைட்டோசின் (சை) ஆகியவற்றைக் கொண்டு, கற்பனையான மூன்று வரிசைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

ஓணான் 1: அ தை கு சை அ அ தை கு சை தை
ஓணான் 2: அ தை கு சை அ கு தை கு சை தை
ஓணான் 3: அ சை கு சை தை அ தை அ சை தை

இரண்டிரண்டாக ஒப்பிட்டு வேறுபாடுகளை எண்ணச் சொல்லுங்கள். 1க்கும் 2க்கும் 1. 1க்கும் 3க்கும் 3. 2க்கும் 3க்கும் 4. எவை நெருங்கிய உறவு? கிளைப்படம் வரையட்டும்.

“வேறுபாடு இருந்தாலே வேறு சிற்றினமா?” என்று ஒரு மாணவர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். உடன்பிறந்தோரிடையேகூட டி.என்.ஏ. வேறுபாடு உண்டு. ஆகவே எண்ணிக்கை மட்டும் தீர்ப்பாகாது. செதில், விசிறியின் அளவு, நிறம், வாழிடம் ஆகியவையும் ஒத்துச் சாட்சி சொல்ல வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு உற்றுநோக்கல் போதும். பள்ளியைச் சுற்றிக் காணும் ஓணானின் இடம், நேரம், நிறம், செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதட்டும். பிடிக்கவோ துரத்தவோ வேண்டாம்.

ஏன் இது முக்கியம்?

விசிறித்தொண்டை ஓணானின் வீடு முட்புதரும் திறந்த வெளியும். அதை நாம் ‘தரிசு’ என்று எழுதிவைத்திருக்கிறோம். நாடு முழுதும் ஒரே இனம் என்று எண்ணும்வரை, ஒரு தரிசு மனைப்பிரிவாக மாறுவது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஒவ்வொன்றும் சிறிய பரப்பில் மட்டும் வாழும் தனி இனம் என்றால் கணக்கே மாறிவிடும். பெயரிடப்படும் முன்பே ஓர் இனம் அழிந்துபோகலாம்.

செஞ்சிக் குன்றுகளின் அடிவாரத்தில் ஓடும் ஓணானை நம் பிள்ளைகள் அடிக்காமல் நின்று பார்த்தால், பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.