கரிசல் மண்ணில் ஓடிய ஞானரதம்



எனக்கு ஊர் எப்போதும்வென்றான். மதுரை ரோட்டில் வடக்கே போனால் எட்டயபுரம். 1882 டிசம்பர் 11-இல் பாரதி பிறந்த ஊர். பஸ்ஸில் எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், இறங்கியதில்லை. அம்ஷன்குமார் 1999-இல் எடுத்த 'சுப்பிரமணிய பாரதி' ஆவணப்படத்தைப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குப் போகத் தோன்றியது.

இப்படி ஒரு படம் எடுப்பது லேசான வேலையில்லை. பாரதியின் குரல் பதிவு கிடையாது. கிடைத்தவை ஐந்து போட்டோக்கள்தான். மீதியை ஊர், கையெழுத்து, பழைய பத்திரிகை இவற்றில்தான் தேட வேண்டும். டிராயிங் இல்லாத பழைய மெஷினைக் கழற்றி, ஒவ்வொரு பார்ட்டையும் வெர்னியரில் அளந்து டிராயிங் போடுகிறோமே, அது மாதிரி!

1910-இல் அவர் எழுதிய 'ஞானரதம்' நூல் வந்தது. மனத்தையே ரதமாக்கி, கந்தர்வ லோகம், சத்திய லோகம், தர்ம லோகம் என்று சுற்றுகிற உரைநடைக் கதை. ராக்கெட் இல்லாததால் விஞ்ஞானக் கதை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேறோர் உலகத்தில் நின்று நம் உலகத்தைக் கேள்வி கேட்பதுதானே விஞ்ஞானக் கதையின் வேலை?

அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனார். 'இந்தியா' பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரத் தடை; வருமானம் போச்சு. 1918-இல் வெளியே வந்ததும் கடலூரில் சிறை. 1921 செப்டம்பரில் இறந்தபோது வயது 38.

என்னை உலுக்கியது வேறு. அவர் தந்தை சின்னச்சாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை வைத்தவர். மகன் கணக்கு படிக்கணும் என்பது அவர் ஆசை. வெள்ளைக்காரர் போட்டியில் ஆலை நொடித்தது. 1898-இல் அவர் இறந்தபோது பாரதிக்கு வயது 15.

எங்க அய்யாவும் கடன் வாங்கித் தீப்பெட்டி ஆபீஸ் வைத்து மூடியவர். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் கதை எழுதுவதைப் பார்த்துவிட்டு, "கதை கஞ்சி ஊத்துமாலே?" என்று கேட்டார்.

போன லீவில் அவரையும் பாரதி வீட்டுக்குக் கூட்டிப் போனேன். ஆலை கதையைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, "அவுகளுக்கும் கடன் இருந்திருக்கும்லே" என்றார். அதுக்கப்புறம் என் நோட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

நண்பர்களே, அரியர் இல்லாமல் டிப்ளமோவை முடிப்போம். நோட்டின் கடைசிப் பக்கத்தையும் கிழிக்காமல் வைத்திருப்போம்!

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை