காலப்பயணக் கதைகளில் வரலாற்று மாந்தர்

நுழையும்முன்

கடந்த காலத்துக்குச் சென்று அரசரையும் வீரரையும் நேரில் காணும் கதைகளைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்கிறோம். அக்கதைகளில் வருவோருள் சிலர் உண்மையாகவே வாழ்ந்து மறைந்தவர்கள். அவர்களைப் பற்றிய கற்பனைக்கு எல்லை உண்டா? செஞ்சிக் கோட்டையை முன்வைத்து அதனை ஆராய்கிறது இப்பாடம்.

காலத்தைக் கடக்கும் கதைகள்

இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் 1963 நவம்பர் 23 அன்று ‘டாக்டர் ஹூ’ என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. சிறுவர்க்கு வரலாற்றையும் அறிவியலையும் கதைவழி அறிமுகப்படுத்துவது அதன் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்று. ஆகவே, காலப்பயணியுடன் செல்வோருள் ஒருவர் வரலாற்று ஆசிரியராகவும் மற்றொருவர் அறிவியல் ஆசிரியராகவும் படைக்கப்பட்டனர். 1964இல் ஏழு பகுதிகளாக வெளிவந்த கதையொன்றில் அவர்கள் மார்கோ போலோவைச் சந்தித்தனர். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைத் தம் பயணக் குறிப்பில் பதிவுசெய்த வெனிசு நகரத்தவரே அவர்.

அத்தொடரின் 2018ஆம் ஆண்டுக் கதை ஒன்று ரோசா பார்க்ஸைப் பற்றியது. அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில், வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து, 1955 டிசம்பர் 1 அன்று கைதானவர் அவர். அந்நிகழ்வைத் தடுக்க ஒருவன் சூழ்ச்சி செய்கிறான். காலப்பயணிகள் அதனை முறியடிக்கின்றனர். ஆயினும், அவர் கைதாகும்போது குறுக்கிடாமல் அதே பேருந்தில் வேதனையுடன் அமர்ந்திருக்கின்றனர். எழ மறுத்த துணிவு முழுவதும் ரோசா பார்க்ஸுக்கே உரியதாக இருக்கிறது.

நம் நாட்டில், 1991இல் வெளிவந்த ‘ஆதித்யா 369’ என்னும் தெலுங்குத் திரைப்படம் கிருஷ்ணதேவராயரின் அவைக்குக் கால எந்திரத்தில் செல்வதைக் காட்டியது. அவருடைய விசயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர்கள் ஆண்ட ஊர்களுள் செஞ்சியும் ஒன்று.

செஞ்சியில் ஒரு காலப்பயணி

இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து அமைந்தது செஞ்சிக் கோட்டை. மராத்தியரிடமிருந்து முகலாயர் நெடுங்கால முற்றுகைக்குப்பின் 1698இல் இதனைக் கைப்பற்றினர். பின்னர்ப் பொறுப்பேற்ற புந்தேல இராசபுத்திரர் சொரூப் சிங்கின் மகனே தேஜ் சிங். தமிழ் மக்கள் அவரைத் தேசிங்கு ராஜன் என்றனர். திறைப்பணம் தொடர்பாக ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு மூண்ட போரில், 1714 அக்டோபர் 3 அன்று அவர் இளம் வயதிலேயே வீழ்ந்தார்.

அப்போருக்கு முந்தைய நாளில் காலப்பயணி ஒருவர் செஞ்சிக்கு வருவதாகக் கொள்வோம். முடிவை அறிந்த அவர் தேசிங்கை எச்சரிப்பாரா? எச்சரித்தால் தேசிங்கு கேட்பாரா?

இவ்வினாவுக்கு மக்கள் வழக்கில் முன்பே விடை இருக்கிறது. செஞ்சியை அடுத்த சிங்கவரம் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதர், விடைபெற வந்த தேசிங்கைத் தடுப்பதற்காகத் தம் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பர். வருவதை உணர்ந்தும் தேசிங்கு போருக்குச் சென்றார். அவருடைய நண்பர் மகமத்கான் தம் திருமணத்தை விட்டுவிட்டுக் களம் புகுந்தார் எனக் கதைப்பாடல் பாடுகிறது. தேசிங்கைக் காப்பாற்றிவிடும் கதை, அவர் தாமே தேர்ந்த வழியை அவரிடமிருந்து பறித்துவிடும்.

சான்றும் கற்பனையும்

போரின் காலமும் முடிவும் வரலாறு. தில்லியில் எவருக்கும் அடங்காத குதிரையை இளம் தேசிங்கு அடக்கியது கதைப்பாடலின் கூற்று. இரண்டையும் திரைக்கதையில் சேர்க்கலாம். ஆனால் எது எங்கிருந்து வந்தது என்பதை எழுதுவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

நவாபும் உண்மையாக வாழ்ந்தவரே. தேசிங்கின் புகழை உயர்த்துவதற்காக அவரைக் கொடியவராக்குவது முறையன்று. முகலாயர் ஆட்சியில் தமக்குரிய வரியைக் கேட்டவர் என்னும் அவர் தரப்பும் கதையில் இடம்பெற வேண்டும். உடன்கட்டை ஏறியதாகக் கூறப்படும் தேசிங்கின் மனைவியின் உள்ளத்தையோ போர்ப் புகழ் மறைத்துவிட்டது. கற்பனை செல்ல வேண்டிய இடம் அதுவே.

மறைந்தவர்கள் தம்மைப் பற்றிய பொய்யை மறுத்துரைக்க வரமாட்டார்கள். எனவே, அவர்கள் சார்பில் உண்மையைக் காக்கும் கடமை எழுதுவோருக்கும் காண்போருக்கும் உண்டு.

தெரிந்து தெளிவோம்

இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் தேசிங்கின் மனைவியின் நினைவாக அமைந்தது என்பது வழக்கு. செஞ்சிக் கோட்டை, மராத்தியப் படைத்தள நிலப்பரப்புகளுள் ஒன்றாக 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரோடு தொடர்புடைய வரலாற்று மாந்தர் ஒருவரைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, ‘சான்று’, ‘வழக்கு’ எனப் பிரித்து எழுதுக.
2. காலப்பயணி ஒருவர் தேசிங்கின் மனைவியோடு உரையாடுவதாக ஒரு காட்சியை எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.