சேலைச் சேதி ஏன் அச்சேறவில்லை?

கேள்வி: காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிறோம். புதிய கோர்வைச் சேலை பற்றி இணைய இதழ்களுக்குச் செய்திக்குறிப்பு அனுப்பினோம், ஒருவரும் போடவில்லை. ஏன்?

பதில்: "உலகப் புகழ்பெற்ற, பாரம்பரியமிக்க" என்று ஆரம்பித்திருப்பீர்கள். உதவி ஆசிரியர் அதோடு மூடிவிடுவார். 2019-இல் உங்கள் ஊர்க் கோயிலின் அத்திவரதர் தலைப்புச் செய்தியானார். 40 ஆண்டுக்கு ஒருமுறை, 48 நாள் தரிசனம்: ஒரே வரியில் அடங்கிய சேதி. உங்கள் முதல் வரியிலும் அப்படி ஒன்று வேண்டும். கோர்வை என்றால் மூன்று நாடா, இரண்டு ஆள், கரையும் உடலும் இழைக்கு இழை கோத்து நெய்வது, அதையே எழுதுங்கள். படத்தில் அந்த இணைப்பு கிட்டத்தில் தெரியட்டும். குத்துவிளக்கேற்றும் பிரமுகர் வேண்டாம். செய்தியை மின்னஞ்சலுக்குள்ளேயே யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால் உதவி ஆசிரியரின் திரையில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அதையொட்டிச் செய்தி வர, ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். அன்று காலை போனால் கூட்டத்தோடு கோவிந்தா!