கார்ச் சாவியில் ஒரு காசு பாட்டரி



அதிகாலையில் பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலத்திற்கு அவசரமாகப் புறப்பட வேண்டும். அப்பா வாசலில் நின்று கார்ச் சாவியின் பொத்தானை அழுத்துகிறார். கதவு திறக்கவில்லை. காரின் அருகே சென்று மீண்டும் மீண்டும் அழுத்திய பிறகே திறக்கிறது. “சாவி கெட்டுவிட்டதே!” என்று வீட்டார் கவலைப்படுகின்றனர். பெரும்பாலும் சாவி கெட்டிருக்காது. அதனுள் காசு வடிவில் இருக்கும் பாட்டரிதான் தளர்ந்திருக்கும். அதை மாற்ற ஐந்து நிமிடம் போதும். ஆனால் வெளியே எடுத்த பழைய பாட்டரியை எங்கே வைக்கிறோம் என்பதில் ஒரு குழந்தையின் உயிரே அடங்கியிருக்கலாம். இவ்விரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

சாவி வேலை செய்யும் விதம்

சாவியின் பொத்தானை அழுத்தியதும் அதனுள் இருக்கும் சிறு கருவி வானொலி அலை மூலம் ஓர் இரகசியக் குறியீட்டை அனுப்புகிறது. நம் நாட்டில் ஓடும் பல கார்களில் இவ்வலையின் அதிர்வெண் ஏறத்தாழ 433 மெகாஹெர்ட்ஸ். பிறர் நகல் எடுக்காதிருக்க, பல கார்களில் ஒவ்வொரு முறையும் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும். கார் அக்குறியீட்டைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கிறது. பாட்டரி தளர்ந்தால் அலையும் வலுக் குறைந்து தொலைவு எட்டாமற் போகிறது.

பாட்டரி முற்றிலும் தீர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். சாதாரணச் சாவியைப் பூட்டில் நுழைத்தே கதவைத் திறக்கலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களின் சாவிக்குள் பெரும்பாலும் ஒரு சிறு உலோகச் சாவி ஒளிந்திருக்கும். உள்ளே சென்றபின் ரிமோட்டைக் கிளப்பும் பொத்தானுக்கு மிக அருகில் பிடித்தால் பல கார்கள் கிளம்பிவிடும். சாவியிலுள்ள அடையாளச் சில்லு தனக்கு வேண்டிய சிறிதளவு மின்சாரத்தைக் காரிலிருந்தே பெற்றுக்கொள்வதே இதற்குக் காரணம்.

எண்ணின் பொருள்

பாட்டரியின் முகத்தில் ‘சிஆர் 2032’ என்பது போன்ற எண் இருக்கும். ‘சி’ என்பது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் கொண்ட மின்கலத்தைக் குறிக்கும். ‘ஆர்’ என்றால் வட்ட வடிவம். 20 என்பது 20 மில்லிமீட்டர் விட்டம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. 2025 என்ற பாட்டரியும் அதே அகலந்தான். தடிப்பு மட்டும் 2.5 மில்லிமீட்டர். இரண்டும் 3 வோல்ட் தருவன. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சரியாகப் பொருந்தாது. ஆகவே கடைக்குப் போகுமுன் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும் முறை

முதலில் மேசைமேல் ஒரு துணியை விரியுங்கள். சாவியின் பக்கவாட்டிலுள்ள இடுக்கில் துணி சுற்றிய தட்டை முனையை நுழைத்து மெதுவாகத் திருப்பினால் மூடி விலகும். சில சாவிகளில் சிறு திருகாணி இருக்கும். கூட்டல் குறி எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பழையதை எடுங்கள். இரும்பு இடுக்கி வேண்டாம். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால்தான் ஃபியூஸ் கட்டையைப் பீங்கானில் செய்கிறார்கள். இரும்போ மின்சாரத்தைக் கடத்தி இரு முனைகளையும் இணைத்துவிடும், பாட்டரி வீணாகும். நகமோ பிளாஸ்டிக் குச்சியோ போதும். புதியதை விளிம்பில் பிடித்து, அதே பக்கம் நோக்க வைத்து, மூடியை அழுத்தி மூடிப் பொத்தானைச் சோதியுங்கள். மூடியும் திருகாணியும் தளர்வின்றி இருக்கட்டும்.

பழையது செத்ததன்று

தோழியரே, இனி வருவதை மறவாதீர்கள். பழைய பாட்டரியைச் ‘செத்த பாட்டரி’ என்கிறோம். அது சாகவில்லை, களைத்திருக்கிறது, அவ்வளவே. நீரை மின்னாற்பகுக்க 1.23 வோல்ட் அளவே வேண்டும் என்கிறது வேதியியல். சாவிக்குப் பயன்படாத பாட்டரியிலும் அதற்கு மேற்பட்ட மின்னழுத்தம் எஞ்சியிருக்கலாம். ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே உள்ள அதைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளக்கூடும். அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய, எதிர்முனைப் பக்கத்தில் கடுங்காரம் உண்டாகித் தசையை அரிக்கும். 2 மணி நேரத்திற்குள்ளேயே பெருங்காயம் ஏற்படக்கூடும்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரீஸ் என்னும் 18 மாதக் குழந்தை, ரிமோட்டிலிருந்த இத்தகைய பாட்டரியை விழுங்கி 2020 டிசம்பரில் இறந்தது. அதன் தாய் விடாது முயன்றதன் பயனாக, பாட்டரி மூடியைக் குழந்தைகள் திறக்க இயலாதவாறு அமைக்க வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 2022-இல் அக்குழந்தையின் பெயராலேயே வந்தது.

விழுங்கிய குழந்தை முதலில் அழாமலே இருக்கலாம். எச்சில் வடிதல், இருமல், உணவை மறுத்தல் ஆகியவை சளிக்காய்ச்சல் போலவே தோன்றும். சந்தேகம் எழுந்தாலே போதும். வாந்தி எடுக்கவைக்காமல், உணவு கொடுக்காமல், 108-ஐ அழைத்தோ வேறு வண்டியிலோ எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். ‘பாட்டரி’ என்ற சொல்லை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தில் அது நாணயம் போலவே தெரியக்கூடும்.

ஆகவே பழைய பாட்டரியை எடுத்தவுடன் இரு முகங்களையும் ஒட்டுநாடாவால் மூடி, தம்பி தங்கையருக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குப்பையில் எறியாமல், பழைய பாட்டரி பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன.

இன்று வீடு சென்றதும் கார்ச் சாவி, டி.வி. ரிமோட், எடை பார்க்கும் கருவி, ஒளிரும் பொம்மை ஆகியவற்றின் மூடிகளை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். தேர்வுக்காகப் படித்த மின்னாற்பகுப்பு நம் வீட்டுக் குழந்தையைக் காக்குமானால், கற்ற கல்விக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறுண்டோ?